அளத்தூரார்க்கு நிறைபட்டம் மறுத்த ஓலை

மழை தவறாச் செங்கழனி நாட்டின் கோவேந்தர், பகைவர் முடி மிதித்த பாதத்தார், விறல்வேள் மாமன்னர் திருவாய் மலர்ந்தபடி தலைமை அமைச்சர் நாகையன் விடுக்கும் ஓலை. நெய்தற்கரை மண்டலம் காக்கும் கடலங்கோ காண்க. நும் துறைகளில் கலம் நிறைக. நும் அளங்களில் உப்பு விளைக.

ஊர்க் கல்விச்சாலைகள் தொடக்கப் பாடத்தோடு நிற்பதும், நிறைபட்டத்தைத் தலைநகர்ப் பெருங்கல்லூரி மட்டுமே வழங்குவதும் நம் நாட்டு வழக்கம் என்பதை நீவிர் அறிவீர். அங்கே பயில நிலபுலம் விற்கவேண்டும். விற்க நிலமில்லாதார்க்கு அந்த ஆசை எதற்கு என்பது மன்னர் திருவுளம். ஆயினும் அளத்தூர்ச் சாலைத் தலைவி பூதி நங்கை, உப்பு வாருவோர் பிள்ளைகளுக்கும் வலை பின்னுவோர் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு ஒரு மூட்டை உப்பே கட்டணமாகப் பெற்று, கணிதமும் நீதிநூலும் முற்றக் கற்பித்து, நிறைபட்டமும் கொடுத்துவந்தாள்.

அதற்கு உரிமை வேண்டி அவள் அவைக்கு வந்தாள். தன் மாணவர் அரசுப் பணிகளில் குறையின்றி விளங்குவதாக விண்ணப்பித்தாள். மன்னர் முறுவலித்தார். அவ்வாறாயின் அவையிலுள்ள அளத்தூர்ப் பட்டத்தார் ஒருவரேனும் எழுந்து ஆசிரியையை வணங்கினால் உரிமை தருவதாகவும், எவரும் எழாவிடில் சாலையை இழுத்து மூடுவதாகவும் அருளினார்.

ஓலை எழுதும் எயினன் அங்கேதான் இருந்தான். நங்கை தன் வீட்டில் சோறிட்டுப் படிக்கவைத்த பிள்ளை. தலைநகரில் படித்ததாகச் சொல்லிப் பணியில் அமர்ந்து, பெருவணிகர் மகளையும் மணம் பேசியிருந்தான். எழுந்தால் எல்லாம் போய்விடும் என்று அஞ்சினான். எழுத்தாணியைத் தேடுபவன்போல் குனிந்துகொண்டான். நங்கை அவனைப் பார்த்தாள், பெயர் சொல்லவில்லை. தன் மாணவர் எவரும் இங்கில்லை போலும் என்று மட்டும் கூறி, வணங்கித் திரும்பினாள்.

மன்னரோ அவன் கதையை முன்பே அறிவார். அறிந்துதான் கேட்டார். அவையோர்க்கு அன்று நல்ல வேடிக்கை.

ஆகவே ஆணை. இவ்வோலை கண்ட அன்றே சாலை மூடப்படுக. அங்கே பெற்ற நிறைபட்டங்கள் செல்லா. அவற்றால் பணி பெற்றோர் உப்பளத்துக்கே மீள்க. எயினன் ஒருவனுடைய பட்டம் மட்டும் செல்லும். மன்னர் மனமறிந்து நடந்தவனுக்கு அது பரிசு. ஓலையைக் கொணர்பவனும் அவனே. சாலை வாயிலில் நங்கையும் உடன்பயின்றோரும் கேட்க, ஒரு சொல்லும் விடாமல் அவன் படிக்கவேண்டும். குரல் உடைந்தால் முதலிலிருந்து படிக்கச் செய்க.

சில எழுத்துகள் கோணியிருக்கும், பொறுத்துக்கொள்க.

முத்திரை இட்டவர் நாகையன். எழுதியவன், அளத்தூர்ச் சாலையில் பூதி நங்கையிடம் பயின்று நிறைபட்டம் பெற்ற எயினன்.