நமக்கு நாமே கொடுத்துக்கொண்ட சம்பளம்

இன்று மதியம் கல்லூரி ஆசிரியர் அறையில், புதிதாக வந்திருக்கும் பெண் தன் டிபன் பாக்ஸைத் திறந்தாள். எலுமிச்சைச் சோறு, ஓரத்தில் வறுத்த நெத்திலிக் கருவாடு. வாசனை மெல்ல எழுந்து மின்விசிறிக் காற்றில் சுற்றி அறை முழுக்கப் பரவியது. யாரோ எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்கள். நான் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த ஒரு கணம் நீ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டு, கருவாட்டின் தலையைத் தனியாகக் கிள்ளி என் பக்கம் தள்ளினாய்.

நாம் இருவரும் ஒரே காலையில்தான் ஆராய்ச்சிப் படிப்பில் சேரப் போனோம். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது, உனக்கு என்னைவிட இரண்டு வயது கூட. பல்கலைக்கழக அலுவலகத்தில் இருந்தவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், “நீங்க யாரோட அம்மா?” என்று உன்னைக் கேட்டார். நீ, “யாருக்கும் இல்ல சார். நானே சேர வந்துக்கிறேன்” என்றாய். பின்னால் நின்ற நான் சிரித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தாய். “நீயும் அம்மா கேஸா?” என்றாய். நம் பேச்சு அப்படித்தான் தொடங்கியது.

நான் செவ்வாப்பேட்டையில் இருந்து வந்தேன். ஒரு தனியார் கல்லூரியில் பல வருடம் வேதியியல் நடத்தியிருந்தேன். முனைவர் பட்டம் இல்லாததால் எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் எனக்கு மேலே போய்க்கொண்டிருந்தார்கள். கணவருக்குக் காக்களூரில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் வேலை. மகள் பதினொன்றாவது படித்தாள். நீ புதுவாயலிலிருந்து வந்தாய். உன் பெற்றோர் ஊரார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். பிறகு அப்பா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்குப் போனார். அவருக்குப் பின் நீ வேறொரு கம்பெனியில் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தாய். வீட்டில் அம்மாவும் நீயும் மட்டும். திருமணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று ஒரு முறை கேட்டேன். “நேரம் இல்லபா” என்றாய்.

நீ ஏரித் தண்ணீரை ஆராய்ச்சிக்கு எடுத்தாய், நான் ஏரிக்கரை மண்ணை எடுத்தேன். தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள அதே ஏரிகள்தாம். விடிந்ததும் உன் ஸ்கூட்டரில் போவோம். பனி விலகாத தண்ணீரில் நாரைகள் தூங்குகிற மாதிரி நிற்கும். தூரத்தில் புகைபோக்கிகள் பாதிவரைதான் தெரியும். நீ முழங்கால்வரை இறங்கிப் பாட்டிலை அமிழ்த்துவாய். அது நிறையும் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது, தாகத்தில் யாரோ மெதுவாகக் குடிப்பதுபோல.

படிப்பு கஷ்டமாக இல்லை, நாள் ஓட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. உதவித்தொகை பெயருக்கு மாதாமாதம். ஆனால் பல மாதம் வராது, பிறகு ஒரு நாள் மொத்தமாக வந்து விழும். முதல் முறை வந்தபோது ஒழுகிய மாடியைப் பூசினேன், மகள் ட்யூஷனுக்குக் கட்டினேன், எல்லோருக்கும் துணி எடுத்தேன். அடுத்து வந்த மாதங்களில் காய்கறிக்காரரைக் கண்டால் வேறு தெருவில் நடந்தேன். அந்த நேரம் பார்த்துக் காக்களூர்ப் பட்டறையில் ஆர்டர் குறைந்தது. கணவருக்கு வாரத்தில் பாதி நாள்தான் வேலை.

ஒரு மாலை சென்னையில் புறநகர் ரயில்கள் நிற்கும் இடத்தில், தினமும் நாம் வெவ்வேறு ரயிலுக்குப் பிரியும் பெஞ்சில் உட்கார்ந்து உன்னிடம் சொன்னேன். “நான் நின்னுடலாம்னு இருக்கேன். பழைய காலேஜ்ல கூப்பிடறாங்க.”

நீ வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாய். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. “கார்த்தால எப்போ எழுந்துக்கிற?” என்றாய்.

“நாலு மணி. சமைச்சு, டப்பா கட்டி, ரயிலைப் பிடிக்கணுமே.”

“ரயில்ல படிக்கிறியா?”

“தூங்கறேன்.”

“அதான் பேஜாரு. நீ ஒரு நாள் விட்டு ஒரு நாள் சமை. மத்த நாளு உனக்கு நான் கட்டிக்கினு வர்றேன்.”

“வீட்ல அவங்களுக்கு?”

“உங்க ஊட்டுக்காரரு பாதி நாள் சும்மாதானே கீறாரு. கை கீதில்ல அவருக்கு?”

இரவு அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். எழுந்து சமையலறைக்குப் போனார். பிறகு, “பருப்புக்கு எவ்ளோ தண்ணி?” என்று கேட்டார். அவர் வைத்த முதல் சாம்பாரை மகள் ரசம் என்று நினைத்துக் குடித்துவிட்டாள். மாதம் முடிவதற்குள் அவருக்குக் கை பழகிவிட்டது. பழைய கல்லூரிக்கு நான் பதில் சொல்லவே இல்லை.

அடுத்த முறை மொத்தப் பணம் வந்தபோது, வங்கி வாசலில் நீ கையை நீட்டினாய். “உன் கார்டைக் குடு. என்னுத நீ வச்சிக்க.”

“எதுக்கு?”

“கையில டப்பு இருந்தா எனக்குக் கண்ணு தெரியாதுபா. உனக்கும் அப்படித்தான். என் டப்புக்கு நீ மொதலாளி, உன்னுதுக்கு நான். ஒண்ணாந்தேதி சம்பளம் குடுக்கணும். மேல வேணும்னா காரணம் சொல்லி வாங்கணும்.”

வந்த பணத்தை வராத மாதங்களுக்கும் சேர்த்துப் பங்கிட்டோம். ஒவ்வொரு ஒன்றாந்தேதியும் அதே பெஞ்சில் நீ எனக்கும் நான் உனக்கும் சம்பளம் கொடுத்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பார்கள். நீ வேண்டுமென்றே, “வேலை சரியில்லம்மா இந்த மாசம்” என்று முதலாளிக் குரலில் சொல்வாய். மகளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றபோது மறு பேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தாய். சோபா வாங்க வேண்டும் என்றபோது, “படிக்கப் போறியா, படுக்கப் போறியா?” என்று கேட்டு அனுப்பிவிட்டாய்.

அதன்பிறகு வந்த நாட்கள் என் நினைவில் ஒரே நீண்ட மதியம்போலக் கிடக்கின்றன. அடுத்த மாதம் என்ன ஆகும் என்கிற பதைப்பு நின்றது. ரயிலில் தூங்காமல் படித்தேன். செவ்வாப்பேட்டைக்கு முன் வயல்வெளி வரும்போது புத்தகத்தை மடியில் வைத்து வெறுமனே வெளியே பார்க்கவும் நேரம் இருந்தது. அந்த வயதில் ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு சும்மா கிடைக்கும் என்று நான் நினைத்ததில்லை.

மார்கழியில் ஒரு ஒன்றாந்தேதி, சம்பளத்துக்கு மேல் கேட்டாய்.

“காரணம்?” என்றேன் முதலாளியாக.

“பழவேற்காட்ல போட்ல போவணும். நீயும் வரணும்.”

“சாம்பிள் எடுக்கவா?”

“இல்ல. பாட்டிலு எதுவும் எடுத்தாரக் கூடாது. இத்தினி வருசமா பக்கத்துல கீறேன், ஒரு வாட்டிகூட நடுத்தண்ணிக்குப் போனதில்ல.”

உன் ஆய்வேட்டை அச்சடிக்க வைத்திருந்த பணம் அது. எனக்கு மனமில்லை. ஆனாலும் நீ கேட்ட விதத்தில் ஏதோ இருந்தது, எடுத்துக் கொடுத்தேன்.

உன் உறவுக்காரர் ஒருவரின் படகில் போனோம். கொஞ்ச தூரம் போனதும் கரை கரைந்துபோய், வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டது. எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. நெருங்க நெருங்க அது பூநாரைகள் என்று புரிந்தது. படகுக்காரர் மோட்டாரை நிறுத்தினார். நீ கையைத் தண்ணீரில் விட்டு, வாயில் வைத்துப் பார்த்து, “உப்பு” என்றாய், சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல. எனக்குத் தூக்கம் வருவதுபோல் இருந்தது. விழித்திருக்கும்போதே கனவுக்குள் இருந்தேன்.

பறவைகளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாய். “வயித்துல கட்டியாம்பா. வர்ற வாரம் ஆஸ்பத்திரில சேரணும்.”

நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ திரும்பவில்லை.

“அம்மாகிட்ட இன்னும் சொல்லல. என் கார்டு உங்கிட்டயே இருக்கட்டும். ஒண்ணாந்தேதி ஆனா சம்பளத்த அம்மாகிட்ட குடுத்துடு. இன்னிக்கு இதப் பத்திப் பேச வேணாம். டப்பு குடுத்து வந்துக்கிறோம், நல்லாப் பாரு.”

பார்த்தேன். நீ சொன்னதால் பார்த்தேன். கண்ணீரில் அந்தச் சிவப்புக் கோடு நீண்டு கலங்கியது. பிறகு பறவைகள் ஒன்றாக எழுந்தன. அந்தச் சிறகுச் சத்தத்தில் நான் அழுதது உனக்குக் கேட்டிருக்காது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தாய். மீண்டுவிட்டாய் என்றுதான் நினைத்தோம். கட்டிலில் சாய்ந்தபடி கடைசி அத்தியாயத்தை எழுதினாய். நான் பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்து வந்து, உன் அம்மாவிடம் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, நீ எழுதியதை வாசித்துக் காட்டுவேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே, “அந்த வாக்கியம் நீளம், வெட்டு” என்பாய். முற்றத்து முருங்கைமரத்தின் நிழல் உன் போர்வைமேல் அசைந்துகொண்டிருக்கும். முடிவுரையில் பாதி இருக்கும்போது, மழை பெய்த ஒரு பிற்பகலில் நீ போய்விட்டாய். தூக்கத்திலேயே போனதாக அம்மா சொன்னார்.

அதன்பின் உன் கார்டை நான் தொடவில்லை. அம்மாவை வங்கிக்கு அழைத்துப் போய் அவர் பெயருக்கு எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தேன். நம் ஆய்வு வழிகாட்டியிடம் கேட்டு, உன் ஏரித் தண்ணீர் முடிவுகளை உன் பெயரிலேயே ஒரு கட்டுரையாக்கி அனுப்பினேன். அச்சில் வந்தது. அடுத்த ஆண்டு என் வாய்மொழித் தேர்வு நடந்தது. வந்திருந்த தேர்வாளர், மண்ணில் நான் கண்டது தண்ணீரிலும் இருக்குமா என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லி உன் கட்டுரையைக் காட்டினேன். அவர் உன் பெயரைச் சத்தமாக ஒரு முறை வாசித்தார். அறையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது.

மறுநாள் கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு புதுவாயலுக்குப் போனேன். உன் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். காலில் விழப்போன என்னைப் பிடித்து நிறுத்தினார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார்.

“முடிச்சிட்டீங்களா ரெண்டு பேரும்?” என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். உன் அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம். அவர் தெளிவாகத்தான் கேட்டார். “முடிச்சிட்டோம்மா” என்றேன்.

இப்போது கல்லூரியில் மாணவிகள் கேட்பதுண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு அந்த வயதில் எப்படி மேடம் படித்தீர்கள் என்று. வாயைத் திறந்தால் எனக்கு முதலில் வரும் சொல் ‘நாங்க’ என்பதுதான். நாங்க படிச்சப்போ, நாங்க ஏரிக்குப் போனப்போ, நாங்க எழுதி முடிச்சப்போ. நாங்க என்றால் யார் மேடம் என்று சிலர் கேட்பார்கள், சிலர் கேட்காமலே போய்விடுவார்கள். நான் அந்தச் சொல்லைத் திருத்திக்கொள்வதில்லை.