நாலு எண்ணுவதற்குள் நிமிர வேண்டும்

என் அருமைத் தண்டலுக்கு,

என்னங்க, மீனாட்சிதான் எழுதுகிறேன். நீங்கள் போய் நாலு வருஷம் ஆகிறது. மாலை போட்ட உங்கள் படத்துக்கு முன்னால் நின்று தினமும் ஏதாவது பொரிந்து தள்ளிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இன்றைக்குச் சொல்ல வேண்டியதை அப்படி முணுமுணுத்துவிட்டுப் போக முடியாது. அதனால் எழுதி, நம் தமிழ்ப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். அன்றைக்கு உங்களை ஊர் கேட்கத்தானே பேசினேன்? இதையும் ஊர் படிக்கட்டும்.

முதலில் நல்ல சேதி. நம் லிங்கம் சீமையில் படிக்கிறான்! கப்பல் கட்டுகிற படிப்பு. நீங்கள் மெர்டேக்காவை, நம் சுதந்திரத்தை, பார்க்காமல் போய்விட்டீர்கள். கொடி ஏறிய பிறகு, நம் நாட்டுக்கென்று கப்பல் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று அரசாங்கமே செலவு செய்து பிள்ளைகளை அனுப்புகிறது. அதில் ஒருவன் உங்கள் மகன்.

பக்கத்து வீட்டு அம்மாள் மலாக்கா செட்டி இனத்தவள், உங்களுக்குத் தெரியும், தமிழ் வராது. "ஆனாக் பெலாஜார் ஆப்பா?" என்று, மகன் என்ன படிக்கிறான் என மலாயில் கேட்டாள். "புவாட் காப்பால்," கப்பல் செய்ய, என்றேன். அடேயப்பா, அவள் வாயைப் பிளந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நம்மாட்களுக்குத்தான் புரியவில்லை. "கப்பல்ல கரி அள்ளவா மீனாட்சி இம்புட்டுப் படிச்சான்?" என்று கோயிலில் வைத்துக் கேட்கிறார்கள். வக்கீல், டாக்டர், வாத்தியார் என்று மூன்று படிப்புதான் உலகத்தில் உண்டு இவர்களுக்கு.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? பள்ளிக்கூடம் முடித்து ஒரு வருஷம் பொதுப்பணி இலாகாவில் பிளான் வரைந்துகொண்டிருந்தவன், ஒரு நாள் வந்து "கப்பல் படிக்கப் போறேம்மா" என்றான். "ஏண்டா, ஊர்ல வேற படிப்பே இல்லையா? தண்ணி பக்கம் போனா உங்கப்பாவுக்குக் கெடைச்ச பேரு பத்தாதா?" என்று குதித்தேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்துவிட்டான். வாய் திறக்காமல் காரியத்தைப் பார்ப்பதில் அப்படியே உங்களை உரித்து வைத்திருக்கிறான்.

அந்தப் படிப்பில் இரண்டு பக்கம் உண்டாம். ஒன்று கப்பலின் உடம்பை வரைவது, அது மிதக்குமா, சாயுமா, எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்குப் போடுவது. இன்னொன்று அதன் இஞ்சினைக் கட்டிக் காப்பது. முதல் வருஷம் இரண்டையும் படிக்க வேண்டும். ஆறு மாதம் வகுப்பு, ஆறு மாதம் கப்பல் பட்டறை. குளிரில் விரல் விறைக்க இரும்புத் தகடு வளைக்கிறானாம், நம் வீட்டில் ஆணி அடிக்கச் சொன்னால் ஓடுகிறவன். இஞ்சின் பக்கம் போனால் வேலை சட்டென்று கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். இவன் உடம்பைத்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தான். ஏன் என்று எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. அதைச் சொல்லுவதற்கு முன் அந்த நாளைச் சொல்ல வேண்டும். மறந்திருக்க மாட்டீர்கள்.

மலாக்காவில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில்தான் நிற்கும். ஆற்றங்கரையிலிருந்து தொங்கான் படகில் சரக்கு ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்ப்பது உங்கள் வேலை. தொங்கானுக்குத் தலைவர் நீங்கள், தண்டல். சுமை ஏற்றி முடித்ததும் நீங்கள் ஒரு காரியம் செய்வீர்கள். ஆட்கள் நாலு பேரையும் ஒரே ஓரத்தில் நிற்கவைத்து, கை தட்டியதும் நடுவுக்குத் துள்ளச் சொல்லுவீர்கள். தொங்கான் ஒரு பக்கம் சாய்ந்து, மறு பக்கம் போய், திரும்பி வரும். நீங்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு எண்ணுவீர்கள். நாலு எண்ணுவதற்குள் வெடுக்கென்று திரும்பினால் கயிற்றை அவிழ்ப்பீர்கள். ஐந்து, ஆறு என்று இழுத்தால் மேல் அடுக்கைக் கீழே இறக்கச் சொல்லுவீர்கள். வேறு எந்தத் தண்டலும் இப்படிச் செய்ததில்லை. ஊரே சிரித்தது.

அன்றைக்கு நான் சாப்பாட்டுத் தூக்கோடு கரைக்கு வந்தேன். லிங்கத்துக்குப் பள்ளி விடுமுறை, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டத்துக் கித்தா ரப்பர் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு மேல்தட்டில் அடுக்கியிருந்தார்கள். நீங்கள் எண்ணினீர்கள். ஏழு வரை போனது.

"மேல் அடுக்கை எறக்குங்கப்பா," என்றீர்கள்.

சரக்குக் கணக்கு எழுதுகிற கிராணி குடையோடு ஓடி வந்தார். "யோவ் தண்டல், கப்பல் கெளம்பப் போவுது! தொட்டில் மாதிரி எவ்வளவு மெதுவா, சொகமா ஆடுது. இதுக்குப் போய்ப் பயப்படுறியே?"

"மெதுவா ஆடுறதுதான் பயம் சார். தயங்கித் தயங்கித் திரும்புறவ ஒரு நாளைக்குத் திரும்பாமலே போயிருவா."

நீங்கள் இறக்கித்தான் போனீர்கள். இறக்கிய மூட்டைகளுக்காகத் திரும்பி வருவதற்குள் கப்பல் போய்விட்டது. அன்று சாயங்காலமே தண்டல் வேலை போய், கரையில் மூட்டை தூக்கச் சொன்னார்கள். அதற்கு முன்பே, மூட்டை இறக்கும்போது, கிராணி எல்லோர் முன்னாலும் "பயந்தாங்கொள்ளி" என்றார். அவர் சொன்னதைக்கூட நான் பொறுத்திருப்பேன். நான் என்ன செய்தேன்? கரையே வேடிக்கை பார்க்க, "நீங்கல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று கேட்டுவிட்டு, தூக்கைத் தரையில் வைத்துவிட்டு நடந்துவிட்டேன்.

பாவி நான். நீங்கள் வீட்டுக்கு வந்து, ஒன்றும் நடக்காததுபோல் சோறு கேட்டீர்கள். "நாலு பேரும் வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டாங்க மீனாட்சி" என்று மட்டும் சொன்னீர்கள். அதற்குப் பிறகு தெருவில் நம் வீடு தண்டல் வீடு இல்லை, மூட்டைக்காரர் வீடு. காய்ச்சலில் படுத்து நீங்கள் போகிற வரைக்கும் அந்த வார்த்தையை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை. ஒரு நாளாவது திருப்பித் திட்டியிருக்கக் கூடாதா?

போன வாரம் லிங்கத்தின் கடிதம் வந்தது. வகுப்பில் ஒரு தண்ணீர்த் தொட்டியாம். அதில் ஒரே மாதிரி இரண்டு குட்டிக் கப்பல்கள். ஒன்றில் பாரத்தைக் கீழே வைத்திருக்கிறார்கள், இன்னொன்றில் மேலே. எதில் எங்கே என்று மாணவர்களுக்குச் சொல்லவில்லை. பேராசிரியர் இரண்டையும் விரலால் தட்டினாராம். ஒன்று அசைந்து அசைந்து அழகாக ஆடியது. மற்றது வெடுக்கு வெடுக்கென்று நிமிர்ந்தது. "உங்க அம்மாவை எதில் ஏற்றி அனுப்புவீர்கள்?" என்று கேட்டாராம். வகுப்பு முழுக்க மெதுவாக ஆடுகிறதைக் கை காட்டியது. நம் பிள்ளை ஒருவன்தான் மற்றதைக் காட்டினான்.

"ஏன்?" என்று கேட்டிருக்கிறார். "எங்கப்பா எண்ணுவார்," என்றானாம். பேராசிரியர் மெதுவாக ஆடியதன் மேல் இன்னும் ஒரு சின்ன இரும்புக் கட்டியை வைத்தார். அது ஒரு தடவை சாய்ந்தது, தயங்கியது, அப்படியே கவிழ்ந்துவிட்டது. மற்றதன் மேல் அதே கட்டியை வைத்தார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குக் கீழே அவன் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன். "அப்பா எண்ணின எண்ணிக்கைக்கு இங்கே சூத்திரமே இருக்கிறது அம்மா. புதுக் கப்பலை ஆட்டிவிட்டு, எத்தனை நொடியில் திரும்புகிறது என்று கடிகாரம் வைத்து எண்ணுகிறார்கள். ரொம்ப வெடுக்கென்று ஆடினாலும் ஆகாது, ஆட்களுக்குத் தலை சுற்றும், சரக்கு சரியும். இரண்டுக்கும் நடுவில் அளவு கண்டுபிடிப்பதுதான் எங்கள் படிப்பு. அன்றைக்குக் கரையில் நீங்கள் கேட்டது என் காதில் விழுந்தது அம்மா. அப்பா பயந்தவரா, தெரிந்தவரா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அதற்காகத்தான் இந்தப் படிப்பு. இப்போது தெரிந்துவிட்டது. நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்."

நான் அழுதேன். அப்புறம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. முகத்தைக் கழுவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு, நேரே கிராணி வீட்டுக்குப் போனேன். வேலையிலிருந்து ஓய்ந்து, உஜோங் பாசிரில் மகன் வீட்டில் இருக்கிறார். "உக்காருங்க, ஒரு லெட்டர் படிக்கணும்" என்றேன். மனுஷன் பயந்தே போய்விட்டார்.

படித்து முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு சொல்லட்டுமாம்மா? ஒன் வீட்டுக்காரரைத் தூக்கினதுக்கு அப்புறம் வந்த தண்டலுங்க எல்லாருமே எண்ணுனாங்க. நான் அந்தாண்ட போனதும் ஓரத்துல நின்னு துள்ளுவாங்க. ஆஃபீஸ் ஜன்னல் வழியா எனக்குத் தெரியும். தடுக்கலை."

"அப்ப ஏன் சார் அவரைத் திரும்பத் தண்டலாக்கலை?" என்றேன்.

"நான் சொன்னது தப்புன்னு ஆயிடுமேம்மா," என்றார். சண்டை போடத்தான் போனேன். ஆனால் எதை வைத்துச் சண்டை போடுவேன்? அவருக்கு இருந்த அதே வீம்புதானே எனக்கும் இருந்தது? அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் இங்கே, எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் பயந்தாங்கொள்ளி இல்லை. சீமைப் பேராசிரியர் கடிகாரம் வைத்து எண்ணுகிறதை அவர் வெற்றிலை வாயோடு எண்ணினார். ஊர் சிரித்தும் எண்ணினார், பெண்டாட்டி திட்டிய பிறகும் வாயைத் திறக்காமல் இருந்தார். அந்த வார்த்தையை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

என் வாழ்நாளில் நான் தொங்கானில் கால் வைத்ததில்லை. நீங்கள் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பீர்கள்! பயந்தது நான்தான் என்று இப்போது புரிகிறது. லிங்கம் வரைகிற முதல் கப்பல் தண்ணீரில் இறங்குகிற அன்று நான் ஏறுவேன். எந்தத் துரை, எந்த மந்திரி நின்றாலும் சரி, நாலு பேரை ஓரத்தில் நிற்கவைத்துக் கை தட்டுவேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு உரக்க எண்ணுவேன். சரியாகத் திரும்பினால்தான் கயிற்றை அவிழ்க்க விடுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
லிங்கத்தின் அம்மா,
தண்டல் பெண்டாட்டி மீனாட்சி,
தண்டல் வீடு, காஜா பெராங், மலாக்கா.