கேம் பெட்டிக்குப் பூசிய க்ரீம்

மார்ச் 2, திங்கள்

பார்லருக்கு விடுமுறை. சரக்கைச் சரிபார்க்கலாம் என்று அலமாரியைத் திறந்தால் டெவலப்பர் க்ரீம் இரண்டு டப்பாவைக் காணோம். முடியை வெளுக்க வைக்கிற க்ரீம் அது, வேறு எதற்கும் உதவாது. எங்கோ வைத்து மறந்துவிட்டேன் என்று அரை மணி நேரம் என்னையே திட்டிக்கொண்டேன். துண்டு உலர்த்த மொட்டை மாடிக்குப் போனால், வெயிலில் ஒரு பலகை, அதன்மேல் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியின் மேல்மூடி. தடவியிருப்பது என் க்ரீம். சுற்றியிருப்பது என் பிளாஸ்டிக் தாள்.

இறங்கி வந்து என் வீட்டுக்காரரைக் கேட்டேன். இவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பழைய பிளாஸ்டிக் மஞ்சளாயிடும்மா. இதைப் பூசி வெயில்ல வச்சா பழைய நிறம் வந்துடும்."

"மனுஷத் தலைக்குப் போடறதுங்க அது!"

"இதுவும் அதுக்குத் தலைதானே?"

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. லிஃப்ட் மெக்கானிக் வேலையைப் போன வருஷம் திடீரென்று விட்டுவிட்டு வந்ததிலிருந்து இவருக்கு இதுதான் உலகம். பின்னறை நிறைய பழைய கம்ப்யூட்டர், பழைய கேம் பெட்டி. ஒன்றுகூட இதுவரை ஓடி நான் பார்த்ததில்லை.

உண்மையைச் சொன்னால் க்ரீம் போனதற்குக்கூட அவ்வளவு கோபம் இல்லை. பூசிய லட்சணத்துக்குத்தான் கோபம். ஓரிடத்தில் அப்பிக் கிடக்கிறது, ஓரிடத்தில் காய்ந்து போயிருக்கிறது. மூடி திட்டுத்திட்டாக வெளுத்திருக்கிறது. இப்படி ஒரு தலையை என் பார்லரிலிருந்து வெளியே அனுப்பினால் நான் கடையை மூட வேண்டியதுதான்.

மார்ச் 4, புதன்

அவசரக்காரி இன்றும் எழுந்து போய்விட்டாள். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறவள். பெயர் சொல்லி நான் அழைத்ததே இல்லை, மனசுக்குள் அவசரக்காரிதான். வாசல்படி ஏறும்போதே வாட்சைப் பார்ப்பாள். "அக்கா, எனக்கு முன்னாடி எத்தனை பேரு?" இன்று இரண்டு பேர். சோபா நுனியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாள், பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டினாள், "இன்னொரு நாள் வரேன்க்கா" என்று கிளம்பிவிட்டாள். நேற்றும் ஒருத்தி இப்படித்தான்.

என்னிடம் இருப்பது ஒரே நாற்காலி. அதில் ஒருத்தி தலையில் டையோடு முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். அவளை உட்கார வைக்க இன்னொரு நாற்காலி இருந்தால் அதற்குள் இரண்டு பேருக்கு முடி வெட்டிவிடுவேன். நாற்காலி போட இடமும் இருக்கிறது, பின்னறையில்.

மத்தியானம் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

"மாசக் கடைசி வரைக்கும் டைம் தரேன். அந்த ரூம்ல இருக்கறதுல ஒண்ணே ஒண்ணை ஒழுங்கா ஓட வச்சுக் காட்டுங்க. அப்புறம் ரூமைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன். இல்லேன்னா எல்லாம் பழைய சாமான்காரருக்குத்தான்."

சண்டைக்கு வருவார் என்று தயாராகத்தான் இருந்தேன். "சரி" என்றார். அவ்வளவுதான். டீ ஊற்றும்போது "அரை கிளாஸ் போதும்" என்றார். இப்போதெல்லாம் எப்பவும் அரை கிளாஸ்தான். சர்க்கரைக்குப் பயப்படுகிறார் போல.

மார்ச் 5, வியாழன்

நாற்காலிக்குச் சொல்லிவிட்டேன். முதல் தேதி கொண்டுவந்து தருவார்களாம். கருஞ்சிவப்பு.

மார்ச் 9, திங்கள்

அந்தத் திட்டுத்திட்டு மூடி என் கண்ணிலேயே நின்றது. ஒரு வாரம் பொறுத்தேன். இன்று முடியவில்லை.

பிரஷ், கிண்ணம், கையுறை எல்லாம் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். பழையதைக் கழுவித் துடைத்து, ஒரே கனத்தில் மூலை முடுக்கெல்லாம் பூசி, காற்றுக் குமிழ் இல்லாமல் தாளை இழுத்து ஒட்டினேன். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை திருப்பி வைத்தேன். காய்கிற இடத்தில் மறுபடி ஒரு கை. இவர் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாலு மணிக்குக் கழுவினேன். மஞ்சள் போன இடம் தெரியவில்லை. நல்ல சாம்பல் நிறம், கடையில் இன்று வாங்கியது மாதிரி. இவர் மூடியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு தடவை ட்ரை பண்ணேன். எனக்கு வரலியே" என்றார். இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் தலைமுடியை வெளுத்தவளுக்கு ஒரு மூடி எம்மாத்திரம்?

ஆனால் மூடிதான் புதுசு, உள்ளே உயிர் இல்லை. பின்னறையில் இருக்கிற பழைய டிவியில் மாட்டினால் வெறும் கறுப்பு.

மார்ச் 13, வெள்ளி

இவரே வந்து சொன்னார். "பழைய சாமான்காரரை முப்பத்தொண்ணாம் தேதி வரச் சொல்லிட்டேன்."

ஏன் என்று கேட்டேன். உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற கெப்பாசிட்டர் எல்லாம் வயசாகிக் கசிந்து, போர்டில் இருக்கிற செம்புக் கோடுகளை அரித்துவிட்டதாம். புதுசு வாங்கி வைத்திருக்கிறார். ஆனால் "சிப்பே போயிடுச்சும்மா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். பேசிக்கொண்டே பின்னறைக் கதவைச் சாத்தினார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள்தானே? ஏன் ஒரு மாதிரி இருக்கிறது?

மார்ச் 15, ஞாயிறு

எழுதவே வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் கூட்டம். அவசரத்தில் டீயைக் கிளாஸ் நிறைய ஊற்றிக் கொடுத்துவிட்டு முன்னால் வந்தேன். சீப்பு எடுக்கத் திரும்பிப் போனால் இவர் கிளாசைத் தூக்குகிறார். தூக்கத் தூக்க டீ இரண்டு பக்கமும் சிந்துகிறது. கீழே வைத்துவிட்டுக் குனிந்து, கிளாசை மேஜையிலேயே வைத்தபடி உறிஞ்சினார். அப்புறம் சட்டை நுனியால் மேஜையைத் துடைத்தார். நான் பார்ப்பது தெரியாது.

அரை கிளாஸ். ஒரு வருஷமா அரை கிளாஸ். சர்க்கரையாம், மண்ணாங்கட்டி! நான் ஒரு முட்டாள்.

கூட்டம் போனதும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் மழுப்பினார். அப்புறம் சொன்னார்.

"லிஃப்ட் பேனல்ல ஒரு ஸ்க்ரூ போடணும். போட முடியல. ரெண்டு தடவை கீழே விட்டேன். பக்கத்துல நின்ன பையன் வாங்கிப் போட்டான். ஒண்ணும் சொல்லல அவன். மறுநாள் வேலையை விட்டுட்டேன்."

"சிப்பு போயிடுச்சுன்னீங்களே?"

"சிப்பு நல்லாத்தான் இருக்கு. கைதான் போயிடுச்சு. பத்த வைக்க ஈயத்தை உருக்கி வைக்கப் போனா நாலு இடத்துல அப்பிடுது."

நாள் முழுக்க கண்ணாடியில் அடுத்தவங்க முகத்தை உத்து உத்துப் பாக்கறேன். என் வீட்டுக்காரர் கையைப் பாக்கலையே நான்! அவர் ஏன் சொல்லல? ஏன் சொல்லணும், சொல்ற மாதிரியா நான் இருந்தேன்? குப்பை, குப்பைன்னுதானே சொன்னேன்.

மார்ச் 17, செவ்வாய்

டாக்டரிடம் போனோம். பார்லர் கதவில் அட்டை தொங்கவிட்டுவிட்டுத்தான் போனேன். காகிதத்தில் வட்டம் வரையச் சொன்னார். இவர் வரைந்த வட்டத்தைப் பார்க்க மனசு கேட்கவில்லை. "நீங்க பயப்படற வியாதி இது இல்ல. ஒரு வேலைக்குக் கையை நீட்டும்போது வர்ற நடுக்கம். மாத்திரை கொஞ்சம் குறைக்கும், முழுசா நிறுத்தாது" என்றார்.

வெளியே வந்ததும் இவர் பெருமூச்சு விட்டார். ஒரு வருஷமாக மனசுக்குள் வேறு ஏதோ பெரிய வியாதியை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார், மனுஷர்.

மார்ச் 19, வியாழன்

பின்னறைக் கதவை நானே திறந்தேன். ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்னை மேஜையில் வைத்து, "எங்க வைக்கணும்னு சொல்லுங்க" என்றேன்.

"உனக்கு எதுக்கு இது? சுட்டுக்குவே."

"முடியை நேராக்கற கம்பியை தினமும் பிடிக்கறேன். எனக்குச் சூடு புதுசா?"

அப்புறம் மெதுவாக, "என் வேலையை நீ செஞ்சா, அப்புறம் நான் எதுக்கும்மா?" என்றார்.

மனசில் இருந்ததைச் சொன்னேன். "எனக்கு இந்தப் போர்டுல ஒரு கோடு புரியுதா சொல்லுங்க. நீங்க பக்கத்துல இல்லாம நான் சுட்டா வீடுதான் பத்தி எரியும். உங்களுக்கு எங்க வைக்கணும்னு தெரியும். எனக்கு வைக்கத் தெரியும். அவ்வளவுதானே?"

ஒரு உடைந்த போர்டை எடுத்துப் போட்டார். அதில் பழகச் சொன்னார். முதல் புள்ளி கருகிவிட்டது. இரண்டாவது உருண்டை கட்டியது. "ஈயத்தைச் சூடு பண்ணாதே, கெப்பாசிட்டரோட கம்பிக் காலைச் சூடு பண்ணு, ஈயம் தானா ஓடும்" என்றார். பத்தாவது புள்ளி பளபளவென்று வந்தது. இவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு "ம்" என்றார். இவர் வாயில் அந்த "ம்" வருவது லேசுப்பட்ட விஷயமில்லை.

மார்ச் 20, வெள்ளி

இருபது புள்ளி. மூன்றுதான் சொதப்பல்.

மார்ச் 23, திங்கள்

இன்றைக்குத் தேதியை இரண்டு கோடு போட்டு எழுத வேண்டும்.

காலை பத்து மணிக்கு ஜன்னல் பக்கம் மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். பழைய கெப்பாசிட்டர் ஐந்தையும் எடுத்தேன். கசிந்த இடத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். முகம் துடைக்கிற அதே கைதான். புதுசு ஐந்தும் உட்கார்ந்தன. அப்புறம்தான் பெரிய வேலை. மூன்று செம்புக் கோடு அறுந்திருக்கிறது. அறுந்த இரண்டு முனைக்கும் நடுவே முடியளவு கம்பியை வைத்துப் பற்ற வைக்க வேண்டும்.

முடியளவு என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன், புருவத்தில் நூல் வைக்கும்போது பிடிப்பதுபோல. இவர் தோளுக்குப் பின்னால் நின்று "கொஞ்சம் இடது... இன்னும்... வை" என்றார். மல்டிமீட்டரின் ஒரு முனையை இந்தப் பக்கம், ஒரு முனையை அந்தப் பக்கம் வைத்தால் கோடு சேர்ந்திருந்தால் 'கீ' என்று கத்தும். மூன்று தடவையும் கத்தியது!

மூடவில்லை, அப்படியே டிவியில் மாட்டினார். கறுப்பு.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவர் பெட்டியில் செருகியிருந்த கேம் கேசட்டை உருவி வாயால் ஊதி மறுபடி செருகினார். கறுப்பு. மறுபடி ஊதப் போனார். "எச்சில் படும், கொடுங்க" என்று பிடுங்கினேன். அந்தக் கேசட்டின் வாய்க்குள் பார்த்தால் வரிசையாகப் பித்தளைப் பற்கள், எல்லாம் கறுத்துப் போயிருக்கின்றன. இவ்வளவு அழுக்கை வைத்துக்கொண்டா ஊதிக்கொண்டிருந்தார்! ஸ்பிரிட், பஞ்சு, காது குடைகிற குச்சி. ஆறு குச்சி கறுப்பாக வந்தது, ஏழாவது வெள்ளையாக வந்தது. செருகினேன்.

டிங்!

திரையில் ஒரு சின்ன மனுஷன், கையில் பச்சைக் குடை. குடையை விரித்துக்கொண்டு மாடி மாடியாகத் தாவுகிறான். பின்னால் ஒரு பாட்டு. நான் "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். இவர் கத்தவில்லை. டிவியைப் பார்க்கவே இல்லை. என் கையை எடுத்து விரல் விரலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை நடுங்கியது, என் கையும் சேர்ந்து நடுங்கியது, அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

செய்தோம்! நாங்கள் இரண்டு பேரும் செய்தோம். மாசம் முடிய எட்டு நாள் பாக்கி இருக்கும்போதே.

மார்ச் 27, வெள்ளி

பார்லர் முன்னறையில் இருக்கிற புது டிவியில் அந்தக் காலத்து ஒயர் ஏறாது. அதற்கும் ஒரு குட்டி போர்டு வாங்கி வைத்திருந்தார். நாலு கம்பி, நாலு புள்ளி. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. குடைக்காரன் இப்போது தெள்ளத்தெளிவாகத் தாவுகிறான். ஒரு ஆட்டத்துக்கு அவனுக்கு மூன்று உயிராம், மூன்று தடவை விழுந்தால்தான் ஆட்டம் முடியும்.

மார்ச் 31, செவ்வாய்

பழைய சாமான்காரர் சொன்னபடி தள்ளுவண்டியோடு வந்தார். இவர் கதவோரம் நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"அந்த சோபாவை எடுத்துக்குங்க. இந்தப் பத்திரிகைக் கட்டையும்" என்றேன்.

"பின்ரூம்ல ஏதோ இருக்குன்னாரே சார்?"

"அங்க எங்க வேலை நடக்குது" என்றேன். இவருக்கு அப்போது வந்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 1, புதன்

கருஞ்சிவப்பு நாற்காலி வந்தது. பின்னறைக்குப் போகவில்லை. சோபா இருந்த இடத்தில், டிவிக்கு நேராகப் போட்டேன். டை போட்டுக்கொண்டு காத்திருக்கிறவர்கள் இனி அதில். பக்கத்தில் இரண்டு ஜாய்ஸ்டிக்.

ஏப்ரல் 18, சனி

நல்ல கூட்டம். யாரும் எழுந்து போகவில்லை. ஒருவர் தன் வீட்டுப் பரணில் கிடந்த கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், "உங்க ரெண்டு பேர்ல யாரு டாக்டர்?" என்று கேட்டார். இவர் "நான் டாக்டர், அவங்க சர்ஜன்" என்றார். திங்கட்கிழமை திறந்து பார்க்கிறோம்.

பெரிய மக் ஒன்று வாங்கினேன், இரண்டு பக்கமும் பிடி வைத்தது. விளிம்பு வரை டீ. எல்லார் முன்னாலும் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். கொஞ்சம் சிந்தியது. சிந்தியதற்குத் துணி இருக்கிறது.

அவசரக்காரி கருஞ்சிவப்பு நாற்காலியில். தலை நிறைய டை, கழுத்தில் துண்டு, கையில் ஜாய்ஸ்டிக். வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தாள். நேரம் ஆகிவிட்டது, தலை கழுவ வேண்டும். தண்ணீர் பதமாக வைத்துவிட்டுப் போய்க் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா, ஒரு நிமிஷம் இருங்க. எனக்கு இன்னும் ஒரு உயிர் பாக்கி இருக்கு."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, என் பார்லரில் காத்திருந்தது நான்தான்.