படுக்க வைத்த தோலை நிமிர்த்தி வைக்க வேண்டி

அனுப்புநர்:
அவாங் சுஃபியான் பின் அவாங் மொர்னி,
கம்போங் செலாசே, சரவாக்.

பெறுநர்:
ஆய்வகத் தலைவர்,
மாவட்ட மருத்துவமனை, பந்தாய் லிண்டாங்.

பொருள்: என் தாயார் டாயாங் நோர்சியாவின் கைத்தோலை மூன்றாம் முறை வெட்டாமல், ஏற்கெனவே வெட்டியதைச் சரியாகப் பார்க்கக் கோருவது.

மதிப்புக்குரிய ஐயா,

1. அம்மாவின் வலது கட்டைவிரல் அடியில் ஒரு கருப்புத் திட்டு. புற்றுநோய் என்கிறார்கள். ஆழம் குறைவென்றால் திட்டை மட்டும் எடுக்கலாம், அதிகமென்றால் விரலே போகும் என்றார் அறுவை மருத்துவர். அந்த ஆழத்தைச் சொல்ல வேண்டியது தங்கள் ஆய்வகம்.

2. இரண்டு முறை தோல் வெட்டிக் கொடுத்தோம். இரண்டு முறையும் "மேல்தோல் மட்டுமே தெரிகிறது, ஆழம் கணிக்க இயலவில்லை, மீண்டும் அனுப்பவும்" என்றே அறிக்கை வந்தது.

3. ஏன் என்று கேட்டுக் கவுண்டர் கவுண்டராக அலைந்தேன். கடைசியில் தங்கள் ஊழியர் ஒருவர்தான் சொன்னார் (பெயரைக் கேட்காதீர்கள், நல்ல மனிதர்): "தம்பி, சீவறதுக்காகத் துண்டை மெழுகுல பதிக்கும்போது படுக்க வச்சு ஊத்திட்டாங்கடா. நிமித்தி வச்சிருந்தா மேலருந்து அடி வரைக்கும் தெரிஞ்சிருக்கும்." மெழுகை உருக்கி இப்போது நிமிர்த்தலாமே என்றேன். "உருக்கலாம். பெரியவர் உத்தரவு வேணும். இன்னொரு துண்டு வெட்டிட்டு வர்றது சுலபம்" என்றார். யாருக்குச் சுலபம் என்று நான் கேட்கவில்லை. களைத்துப் போயிருந்தேன்.

4. அம்மா கேக் லாப்பிஸ் என்ற பல நிற அடுக்குக் கேக் செய்து விற்பவர். ஒவ்வொரு அடுக்காக மாவு ஊற்றி, வேகவைத்து, அந்தக் கட்டைவிரலால்தான் அழுத்திப் பதம் பார்ப்பார். அந்தக் கேக்கை மேலாகச் சீவினால் ஒரே நிறம்தான் வரும். உள்ளே எத்தனை அடுக்கு என்று தெரியாது. தோலும் அப்படித்தானாம்.

5. மூன்றாம் முறை தோல் வெட்ட மருத்துவமனைக்கு அழைத்தபோது அம்மா சொன்னது: "போடா, இனி துண்டு துண்டா வேணாம். கையையே பொட்டலம் கட்டித் தர்றேன், குடுத்துட்டு வா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வரவில்லை. இனி வரவும் மாட்டார்.

6. நான் படிப்பைப் பாதியில் விட்டவன். மனுவில் மரியாதை குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மீதித் தோல் தங்களிடம் மெழுகுக்குள் படுத்திருக்கிறது. அதை உருக்கி, நிமிர்த்தி வைத்து, மறுபடி சீவிப் பார்க்க ஒரு வரி உத்தரவு போடுங்கள். விரல் போக வேண்டியதென்றால் போகட்டும். தெரிந்து போகட்டும்.

இப்படிக்கு,
அவாங் சுஃபியான்

இடம்: கம்போங் செலாசே
நாள்: 14 மார்ச்

இணைப்பு: கேக் லாப்பிஸ், ஒன்று. லஞ்சம் என்று நினைக்க வேண்டாம். முதலில் மேலாக ஒரு சீவு சீவிப் பாருங்கள். பிறகு நிமிர்த்தி வைத்து வெட்டுங்கள்.