நாலு இறக்கைக்கு ஒரு வேட்டி

அவனியாபுரம், மதுரை
ஐப்பசி 20, 1986

அன்பு மகள் அன்னக்கொடிக்கு அப்பா பால்பாண்டி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. பூனாவில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள்ளச் சொல் என்றாள். சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் தடவை புரிந்த மாதிரி இருந்தது. மூன்றாம் தடவை படித்ததில் அதுவும் போய்விட்டது. உங்கள் காலேஜ் ராக்கெட்டுக்கு நாலு மோட்டார் என்றதும் நான் கிணற்று மோட்டாரை நினைத்துவிட்டேன். வெடிமருந்து அடைத்த குழாய் என்பது அப்புறம்தான் விளங்கிற்று. நாலும் ஒரே நொடியில் பற்ற வேண்டும், ஒன்று சோம்பினாலும் ராக்கெட் ஒரு பக்கமாகச் சாயும் என்கிறாய். இது புரிகிறது. நம் ஊர் வாடிவாசலில் ஒரு மாட்டை அவிழ்த்தாலே எதிரில் நிற்க முடியாது. நீ நாலு மாட்டை ஒரே கயிற்றில் கட்டி அவிழ்க்கிறாய்.

போன தடவை கிளம்பிய வேகத்தில் வால் பக்கத்து இறக்கைகள் படபடவென்று ஆடிப் பிய்ந்து, ராக்கெட் கோணிக்கொண்டு போய்ப் பந்தலில் விழுந்ததாக எழுதியிருந்தாய். யாருக்கும் அடியில்லையே? அதை நீ எழுதவில்லை. தையில் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, அதுவும் கெட்டால் உங்கள் குழுவைக் கலைத்துவிடுவோம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராமே. கூடப் படிக்கிற பையன்களிடம் நீ, எங்கப்பா செய்கிற ஸ்பீக்கர் பெட்டி திருவிழாவில் விடிய விடிய அதிர்ந்தாலும் ஒரு மூட்டு விடாது, இறக்கையை அவரே செய்யட்டும் என்று சொன்னாயாம். அந்த வரியைப் பட்டறையில் மொக்கையனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். காதில் விழாத மாதிரி ரம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் இன்னொரு தடவை படித்தேன்.

நாலு இறக்கையும் தயார். பெரிய பெட்டிக்கு அடிப்பலகை போடுகிற ஒட்டுப்பலகையில், ஒரு அங்குலக் கனத்தில் செய்திருக்கிறேன். இரண்டு செங்கல்லின் மேல் வைத்து நானே ஏறி நின்று பார்த்தேன். அசையவில்லை. "அண்ணே, இது ராக்கெட்டுக்கா, ரோடு ரோலருக்கா?" என்றான் மொக்கையன். அவனுக்குப் பொறாமை. ரயில் பார்சலில் அனுப்பிவிட்டேன்.

இன்னொரு செய்தி. உசிலம்பட்டியிலிருந்து உன் மலையாண்டி மாமா வந்திருந்தார். வெள்ளைத்துரைக்கும் உனக்கும் தை இரண்டாம் வெள்ளியில் பரிசம் போட்டுவிடலாம் என்றார். உனக்குப் பட்டுச் சேலையும், அன்றைக்கு நான் கட்டிக்கொள்ள ஒரு மல் வேட்டியும் கையோடு கொண்டுவந்து, முனையில் மஞ்சள் தடவி அலமாரியில் வைக்கச் சொன்னார். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளுக்கு அண்ணன் மகன், உனக்கு முறை மாப்பிள்ளை, வேறென்ன வேண்டும் என்கிறாள். நானும் தலையை ஆட்டினேன். எனக்குத்தான் எதற்கும் தலை தானாக ஆடுமே. வெள்ளைத்துரையைப் பற்றி உன் நினைப்பு என்ன என்று எழுது. கேட்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானாகக் கேட்கிறேன்.

உன் அப்பா
பால்பாண்டி

* * *

அவனியாபுரம்
கார்த்திகை 18

அன்பு அன்னக்கொடிக்கு,

உன் பதில் வந்தது. கெட்டியாகக் கேட்டாய், கெட்டியாகச் செய்தேன். இப்போது கெட்டிதான் தப்பு என்கிறாய். வால் கனத்துப் போனால் ராக்கெட் கொஞ்ச தூரம் ஏறியதும் தலைகீழாகப் புரண்டு, விட்டவர்கள் பக்கமே திரும்பி வருமாம். அதைச் சரிக்கட்ட மூக்கில் பாரம் ஏற்றினால் மேலேயே கிளம்பாதாம். மெல்லிசாகவும் இருக்க வேண்டும், ஆடவும் கூடாது. இந்த மாதிரி ஒரு பொருளை நான் இதுவரை கண்டதில்லை. மொக்கையன் இரண்டு நாளாக என்னை ரோடு ரோலர் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான்.

நீ எழுதியபடி மெல்லிசுப் பலகையில் மறுபடி வெட்டினேன். மேல்பலகையின் ரேகை ராக்கெட் உடம்பிலிருந்து வெளிப்பக்கமாக ஓட வேண்டும் என்றிருந்தாய். எனக்கு உள்ளே எது வெளியே எது என்று குழம்பி, முதல் செட்டைக் குறுக்கே வெட்டிவிட்டேன். கட்டை விரலால் அமுக்கினேன், அப்பளம் மாதிரி போயிற்று. இரண்டாவது செட் சரியாக வந்தது. காற்றுக்குத் தாங்குமா என்று பார்க்கத் திருமங்கலம் பஸ்ஸில் ஏறி, கப்பலூர் தாண்டி வண்டி வேகமெடுத்ததும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். படபடவென்று ஆடியது பார், என் பல்லும் சேர்ந்து ஆடிற்று. "யோவ் பெருசு, விசிறிக்கிட்டு வாரதுன்னா வீட்ல இருந்து விசிறுய்யா, கைய உள்ள இழு" என்று கண்டக்டர் கத்தினார். பஸ் வேகத்துக்கே இப்படியென்றால் உன் நாலு மாட்டுக்கு என்ன ஆகும்? யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளைத்துரை பற்றிக் கேட்டதற்கு நீ ஒன்றும் எழுதவில்லை. இறக்கையைப் பற்றியே நாலு பக்கம். கடைசியில் மட்டும், ராக்கெட் விடுகிற நாள் தை இரண்டாம் வெள்ளிதான், மாற்ற முடியாது அப்பா என்று ஒரு வரி. அந்த வரியில் மட்டும் மை கொஞ்சம் ஊறியிருந்தது. பேனா கோளாறோ என்னவோ.

அம்மாவிடம் அந்த வரியைப் படித்துக் காட்டவில்லை. அன்றைக்குத்தான் உனக்கு ராக்கெட் விடுகிற நாள், பரிசத் தேதியை மாற்ற முடியுமா என்று மாமாவிடம் சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன். "மாப்ள, ராக்கெட்டுக்காகப் பரிசத்த தள்ளி வச்சோம்னா ஊர்ல என்ன கேப்பானுக? சிரிப்பா சிரிக்க மாட்டானுக?" என்றார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கிறது. நீ சொல்வதும் நியாயமாக இருக்கிறது. எனக்கு யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம்தான் நியாயம்.

அப்பா

* * *

அவனியாபுரம்
மார்கழி 17

அன்பு மகளுக்கு,

இறக்கைகள் முடிந்தன. இந்தக் கடிதத்தோடு பார்சலும் புறப்படுகிறது.

கப்பலூரில் பைபர் தொட்டி செய்கிற காளையைப் பார்த்தேன். மெல்லிசுப் பலகையின் இரு பக்கமும் துணியை இழுத்து ஒட்டி ரெசின் என்கிற பசையைத் தடவினால் கனமும் ஏறாது, ஆடவும் ஆடாது என்று சொல்லி ஒரு டப்பா ரெசினும் கொடுத்தான். துணி மட்டும் நெருக்கமான இழையாக, மெல்லிசாக, புதிதாக இருக்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்து தேடினேன். என் பழைய வேட்டி எதிலும் ஓட்டை இல்லாத இடமில்லை. அலமாரியில் ஒரு மல் வேட்டி இருந்தது. எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, இழை பிசகாமல் பார்த்துப் பார்த்து வெட்டினேன். மடிப்பு விழாமல் ஒட்டிக் காயவைத்தேன். மறுபடி திருமங்கலம் பஸ். அதே கண்டக்டர். இந்தத் தடவை இறக்கை ஆடவில்லை. கண்டக்டர்தான் ஆடினார்.

இறக்கையின் அடியில் ஒரு நாக்கு விட்டிருக்கிறேன். வெளிக்குழலில் கோடு கிழித்து, அந்த நாக்கை உள்ளே விட்டு, மோட்டார் இருக்கிற உள்குழல் வரைக்கும் போய் ஒட்டுகிற மாதிரி வை. வெளியே மட்டும் ஒட்டினால் மறுபடி பிய்ந்துவிடும். மூலையில் பசையை விரலால் வழித்துக் குழிவாகக் கட்டு. ஸ்பீக்கர் பெட்டிக்கு உள்மூலையில் நான் செய்வதைப் பார்த்திருப்பாய்.

இனி மற்றது. அது பரிசத்துக்கு மாமா வைத்த வேட்டி. அன்றைக்கென்று பார்த்து அவர் பட்டறைக்கே வந்துவிட்டார். காய்ந்துகொண்டிருந்த இறக்கையையும் மிச்சத் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். "மாப்ள, மஞ்ச வச்ச வேட்டிய கிழிச்சு ஒட்டியிருக்கியே, கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?" என்றார். தெரியாமல் கிழித்துவிட்டேன் மச்சான் என்றேன். மொக்கையன் வாங்கி வந்த காபியை அவர் தொடவில்லை. நேரே வீட்டுக்குப் போய், பரிசத் துணி நாளுக்கு முன்னால் கிழிந்தது நல்ல சகுனமில்லை, இந்தத் தை வேண்டாம், அப்புறம் பார்ப்போம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சேலையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா அழுதாள். ஒரு வாரம் என்னோடு பேச்சில்லை. அண்ணன் வாசலில் இனி எந்த முகத்தோடு போய் நிற்பேன் என்று சுவரிடம் சொன்னாள். நேற்றுத்தான் என்னிடம் வாய் திறந்தாள். "முனையில அம்புட்டு மஞ்ச இருந்துச்சே, கண்ணு தெரியலயா?" என்று கேட்டாள். கண்ணாடி போடவில்லை என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சோற்றை வைத்தாள். குழம்பும் ஊற்றினாள்.

செய்தது சரியா தப்பா என்று இன்னும் எனக்குத் தெளியவில்லை. அவளைப் பார்த்தால் தப்பு என்று இருக்கிறது. இறக்கையைக் கையில் எடுத்தால் சரி என்று இருக்கிறது. அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. இறக்கையைப் பற்றி எழுதாதே, முழங்காலைப் பற்றிக் கேள். வெள்ளைத்துரை விஷயத்தில் உன் மனசில் இருப்பதை எப்போது எழுதத் தோன்றுகிறதோ அப்போது எழுது, அவசரமில்லை. அந்த வேட்டியை ஏன் எடுத்தீர்கள் என்று மட்டும் நீயும் என்னிடம் கேட்டுவிடாதே.

நாலில் ஒரு இறக்கையின் ஓரத்தில் லேசாக மஞ்சள் தெரியும். வர்ணம் அடித்தால் மறைந்துவிடும். அடிக்காமல் விட்டாலும் சரிதான்.

தை இரண்டாம் வெள்ளிக்கு நீ ஊருக்கு வர வேண்டாம். பற்றவைத்ததும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்காமல் தூரமாக ஓடிப் போய் நில். அது நேராக மேலே போகட்டும் தாயி. கோணினாலும் கலங்காதே, இன்னொரு செட் வெட்டுவதற்கு மிச்சத் துணி இருக்கிறது. பந்தல் எதுவும் இல்லாத வெட்டவெளியாகப் பார்த்து விடு.

உன் அப்பா
பால்பாண்டி