மாதா முன்னால் பூட்ஸ்

சங்ககிரி
ஞாயிறு மாலை

அன்பு மகள் மெர்லினுக்கு,

மாதா துணையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே குளிர் ஏறிவிட்டது என்றாயே, நெஞ்சை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா. இந்தச் சேதியைப் போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நானும் அழுவேன், சேதி நின்றுவிடும். அதனால் அயர்லாந்து திரும்பும் அக்சிலியா கையில் பருப்புப்பொடியோடு கொடுத்தனுப்புகிறேன்.

நம் கோயிலில் மாதா சிலை நிற்கும் கெபித் தோட்டத்தைப் பராமரிக்கிற நம் ஆட்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு வேண்டும், ஆளுக்கொரு ஜோடி பூட்ஸ் வேண்டும் என்று போன வருஷம் ஒற்றைக்காலில் நின்றாய். புல் பிடுங்குகிறவனுக்கு இன்சூரன்ஸா, உன் மகளுக்கு அங்கே வேறு வேலை இல்லையா என்று அப்பா சிரித்தார், உன் நச்சரிப்பு தாங்காமல்தான் இரண்டையும் செய்தார். பூட்ஸ் வந்தது, எல்லோரும் போட்டார்கள், ஆனால் கெபி கிட்டே வந்ததும் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வேலை செய்தார்கள். மாதா எதிரில் பூட்ஸோடு எப்படி நிற்பது. எனக்கும் அது தப்பாகப் படவில்லை, நானும் அப்படித்தான் செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன்.

தங்கசாமி உனக்கு நினைவிருக்கும், லாரி ஓட்டுகிறவர், நம் கோயில்காரர் இல்லை என்றாலும் லோடு இல்லாத ஞாயிறெல்லாம் நம்மோடு மண்வெட்டி பிடிப்பவர். மழைக்குப் பிறகு அப்பா கெபியைச் சுற்றி மெஷினில் புல் வெட்டியபோது, உள்ளே கிடந்த கம்பித்துண்டு தெறித்து தங்கசாமியின் வெறும் பாதத்தில் பாய்ந்துவிட்டது. இடது கால், கிளட்ச் மிதிக்கிற கால். நரம்பு அறுந்திருக்கிறது, உடனே ஆபரேஷன் என்றார்கள். அவர் மனைவி மயிலம்மாள் அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அப்பா கொஞ்சம் தேறியிருப்பார். காப்பீட்டு ஆபீஸிலிருந்து வந்தவர், அடிபட்டபோது காலில் பூட்ஸ் இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்று சொல்லிவிடலாம் என நாங்கள் சிலர் முன்பே பேசி வைத்திருந்தோம். தங்கசாமி படுத்தபடியே, இல்லீங்க சார், மாதா முன்னால கழட்டி வெச்சுட்டேனுங்க, அண்ணன் மேல தப்பு இல்லீங்க என்று சொல்லிவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. வந்தவர் எழுதிக்கொண்டு, உங்க பாலிசியில பூட்ஸ் கட்டாயம்னு இல்லீங்க, ஆனா காலு உங்களுதுங்க என்றார். ஆஸ்பத்திரிச் செலவு வந்தது, வண்டி ஏற முடியாத வாரங்களுக்கும் பணம் வந்தது. மயிலம்மாள் கழுத்தில் கிடப்பதை அடகு வைக்காமல் தப்பித்தாள். நீ நச்சரித்தாயே, அதற்குத்தான் தினமும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன் கண்ணு.

அப்பாதான் அதற்குப் பிறகு தோட்டத்துப் பக்கமே போகவில்லை. ஃபாதர் பெனடிக்ட் பூசை முடித்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு கெபி முன்னால் நின்று, பிள்ளைகள் காலில் ரத்தம் பார்க்கவா மாதா இங்கே நிற்கிறாள் என்று கேட்டார், இப்போது யாரும் கழற்றுவதில்லை. அப்போதும் அப்பா அசையவில்லை. நேற்றுத்தான் தங்கசாமி முதல் லோடு போய்வந்தார். இன்று காலை லேசாகக் காலை இழுத்தபடி வீட்டுக்கே வந்து, ஏனுங்ணா, புல்லு முட்டி ஒசரம் நிக்குது, நீங்க ஊட்டுல உக்காந்திருந்தா ஆருங்க வெட்டறது என்று அப்பாவைக் கையோடு அழைத்துப்போய், மெஷினை அவர் கையிலேயே கொடுத்தார். பிறகு தன் பூட்ஸை இறுக்கிக்கொண்டு, மெஷினை விட்டு நன்றாகத் தள்ளிப்போய் நின்றார். அப்பாவால் ரொம்ப நேரம் ஸ்டார்ட் செய்ய முடியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார். அப்புறம் வெட்டினார்.

பாலிசி அடுத்த மாதம் முடிகிறது, அப்பாவுக்கு ஒரு போன் போட்டு ஞாபகப்படுத்து. இந்தத் தடவை சிரிக்கமாட்டார். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. பனியில் நல்ல பூட்ஸ் போட்டு நட.

உன் அம்மா,
இன்பமேரி சவரிராயன்