மறுவரி

அன்பு மகனுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். கேட்டால்தான் பதில் வருவதில்லையே.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு வலது கையும் காலும் இன்னும் வரவில்லை. பேச்சும் அப்படியே. தண்ணீர் வேண்டுமென்றாலும், விளக்கை அணைக்க வேண்டுமென்றாலும் "ஆங்" மட்டும்தான். ஆனால் போன வாரத்திலிருந்து பாடுகிறார். பள்ளிக்கூடப் பாட்டின் முதல் வரி, சொல் பிசகாமல். பாடிவிட்டு வாசல் கதவைப் பார்க்கிறார். மறுபடி அதே வரி.

பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண், "பேச்சு போனாலும் பாட்டு தங்கிரும்மா. அடுத்த வரிய நீங்க எடுத்துக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். இடது கையால் என் வாயைப் பொத்தினார். "சார் உங்களையே பெஞ்சு மேல ஏத்திருவாரு போல!" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

அவளுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். பாட்டு வகுப்பின் முதல் நாள் அப்பா கரும்பலகையில், பள்ளிக்கூடப் பாட்டுக்கான ஆங்கிலச் சொல்லை, 'ஆன்தம்' என்று எழுதுவார். கிரேக்க வேர்; 'ஆன்டி' என்றால் எதிரில், 'ஃபோனே' என்றால் குரல். இப்போது எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நின்று பாடுகிறோம். அந்தக் காலத்தில் முகம் பார்த்து இரண்டு வரிசை. ஒன்று பாட, மற்றது பதில் தரும் என்பார். இதைக் காட்டத்தான் பாதி பெஞ்சுகளைத் திருப்பிப் போடுவார். வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் உன்னை எதிரே உட்காரவைத்தார். மறுவரி உன்னுடையது. வேறு யாருக்கும் அதை அவர் கொடுத்ததில்லை.

அதே மேசையில்தான், நீ விரும்பிய பெண்ணை அவர் வேண்டாமென்றபோது, "நீங்க பாடினதுக்கெல்லாம் பதில் பாட நான் என்ன எதிரொலியா?" என்றாய். "இனிமே உன் குரலே இந்த வீட்ல கேக்கக் கூடாது" என்றார். இருவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டீர்கள். நடுவில் பரிமாறிக்கொண்டு நின்றவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நேற்று உன் எண்ணை அழைத்து, போனை அவர் மடியில் வைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. ஓயும்வரை காத்திருந்துவிட்டு, முதல் வரியை மீண்டும் தொடங்கினார்.

நீ பேச வேண்டாம். மன்னிக்கவும் வேண்டாம், அவர் கேட்கவும் இல்லை. ஒரே ஒரு வரி. அதுவும் முடியாதென்றால், முடியாது என்றாவது எழுது. அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுவிடுகிறேன்.

நீயும் மருமகளும் குழந்தையும் நன்றாக இருங்கள். பிள்ளைக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தால், இரண்டு வரியையும் நீயே பாடிப் பழகிக்கொள். பின்னால் உதவும்.

அம்மா